விமானத்துக்குக் கீழே இருக்கும் வேலைகள்: டெல்டாவிலிருந்து திருச்சி விமான நிலையம் வரை

பாபநாசம் பக்கத்துக் கிராமம் எனக்கு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, "ஏவியேஷன் படித்தால் வேலை நிச்சயம்" என்று பலகை வைத்திருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் 65,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். குறுவை நெல் போட்டு வந்த பணத்தை அப்பா அப்படியே எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அவர்கள் கொடுத்த சான்றிதழோடு முதல் நேர்காணலுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கேட்டது இரண்டே கேள்விகள். "ஹெவி லைசென்ஸ் இருக்கா? ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் பேர் ஒரே மாதிரி இருக்கா?" இரண்டுக்குமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவை இரண்டையும் சரிசெய்து மறுபடி அதே மேசைக்கு முன்னால் போய் உட்கார எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது திருச்சி விமான நிலையத்தில் விமானம் நிற்கும் தளத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குப் போன இரண்டு வருடம் உங்களுக்கும் போகக் கூடாது. பைலட், ஏர் ஹோஸ்டஸ் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பயணி கண்ணில் படாத வேலைகளுக்கு எப்படி வருவது என்பதை மட்டும் நான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் படிப்புக்கு எந்த வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பத்தாவது மட்டும் படித்திருந்தால் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கும், விமானத்தின் உள்ளே சுத்தம் செய்யும் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்புகளில் இதை 'ஹேண்டிமேன்', 'ஹேண்டிவுமன்' என்று போடுவார்கள். அதே பத்தாவதோடு ஹெவி லைசென்ஸும் இருந்தால் ராம்ப் டிரைவர் வேலைக்குப் போகலாம். விமானம் நிற்கும் தளத்தைத்தான் ராம்ப் என்கிறோம். பெட்டி வண்டிகளை இழுக்கும் டிராக்டர், படிக்கட்டு வண்டி, பயணிகள் பஸ் எல்லாம் அங்கே ஓடுகின்றன. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ அல்லது டீசல் மெக்கானிக், வெல்டர் போன்ற ஐ.டி.ஐ. முடித்து, கூடவே ஹெவி லைசென்ஸும் வைத்திருந்தால் ராம்ப் சர்வீஸ் எக்ஸிகியூட்டிவ். நான் அப்படித்தான் வந்தேன்.

பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு விமான நிலையத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் தென்மண்டலத்துக்கென்று தனியாக இதற்கு ஆள் எடுக்கிறது. சம்பள விகிதம் 31,000-இல் தொடங்கும் நிரந்தர வேலை. டிப்ளமோ உள்ளவர்களும் போகலாம்.

பி.எஸ்சி. படித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதைத் தெரியாமலேயே பலர் வயதைக் கடந்துவிடுகிறார்கள். இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி. பட்டம், அல்லது ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த இரண்டும் வந்த பொறியியல் பட்டம் இருந்தால், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வு எழுதலாம். கோபுரத்தில் உட்கார்ந்து விமானத்துக்கு இறங்கலாம், ஏறலாம் என்று உத்தரவு கொடுப்பவர் அவர். ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில் எடுக்கிறார்கள். சம்பள விகிதம் 40,000-இல் தொடங்கும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பூண்டியிலும் வருடா வருடம் இயற்பியல் முடித்து வெளியே வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கணினித் தேர்வுக்குப் பிறகு குரல் சோதனை, மனநிலைச் சோதனை, போதைப்பொருள் சோதனை, உடல் தகுதி எல்லாம் உண்டு.

பி.காம். படித்தவர்கள் சரக்குப் பிரிவைப் பாருங்கள். திருச்சியிலிருந்து காய்கறியும் பூவும் பழமும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன. அவற்றுக்குச் சுங்கக் காகிதம் போடும் தரகு நிறுவனங்களில் பன்னிரண்டாவது முடித்தவரைக்கூட உதவியாளராக எடுப்பார்கள். சுங்கத் துறை கொடுக்கும் 'ஹெச் கார்டு' என்ற அடையாள அட்டையோடு உள்ளே வரலாம். பிறகு அதற்கான தேர்வு எழுதி அடுத்த நிலையான 'ஜி கார்டு' வாங்கலாம்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. ஏரோநாட்டிக்கல் பொறியியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. அதற்கு மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் உரிமம் வேண்டும். பன்னிரண்டாவதில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த நிலையத்தில் பயிற்சி எடுத்து, ஒவ்வொரு பாடத் தாளிலும் 75 சதவீதம் எடுத்துத் தேற வேண்டும். செலவு பல லட்சம். நிலையத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. இணையதளப் பட்டியலில், நீங்கள் படிக்கப்போகும் பிரிவில், இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

எல்லாவற்றிலும் அதிக நாள் பிடித்தது எனக்கு இதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. பத்தாவது மார்க் ஷீட்டில் 'செந்தில்குமார் க' என்று இருக்கும். ஆதாரில் 'செந்தில் குமார்' என்று இடைவெளி விட்டு, தலைப்பெழுத்தே இல்லாமல் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து 'கலியபெருமாள் செந்தில்குமார்' ஆகியிருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். பாதுகாப்புச் சரிபார்ப்பு செய்பவருக்கு மூன்று பேர்.

வரிசை முக்கியம். முதலில் ஆதார். ஏனென்றால் லைசென்ஸ், பான், பாஸ்போர்ட் எல்லாம் ஆதாரைப் பார்த்துத்தான் வருகின்றன. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும், அதனால் ஆதாரிலும் 'செந்தில்குமார் கலியபெருமாள்' என்று விரித்தே போட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டல் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். பதிவு மையத்தில் திரையில் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் தலையாட்டுங்கள். எனக்கு முதல் திருத்தத்தில் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது, ஒரு வாய்ப்பு அதிலேயே போயிற்று. செலவு 100 ரூபாய்க்குள்தான்.

ஆதார் சரியானதும் பான், அதற்குப் பிறகு பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. உள்நாட்டில் வேலை பார்க்க இது கட்டாயம் இல்லை என்றாலும், போலீஸ் விசாரணை முடிந்த ஓர் ஆவணம் கையில் இருப்பது பல இடங்களில் உதவும். மார்க் ஷீட்டை மாற்ற வேண்டாம். 'செந்தில்குமார் க, செந்தில்குமார் கலியபெருமாள் இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன்னிலையில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பெயரே வேறாக இருந்தால் மட்டும் அரசிதழில் பெயர் மாற்றம் செய்ய வேண்டிவரும்.

மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றும் பாருங்கள். 2020-இல் தனி மாவட்டம் ஆன பிறகும் பழைய அட்டைகளில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கும். முகவரியையும் சேர்த்தே திருத்துங்கள். பின்னால் போலீஸ் விசாரணைக் காகிதம் வேறு மாவட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் வாரக்கணக்கில் தாமதம்.

3. ஹெவி லைசென்ஸுக்கு இன்றே கணக்குப் போடுங்கள்

பணத்தைவிடக் காலம்தான் இதில் பிரச்சனை. சட்டப்படி ஹெவி எடுக்க 20 வயது ஆக வேண்டும். அதோடு, கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். அதாவது 18 வயதில் எல்.எல்.ஆர்., 30 நாள் கழித்துக் கார் லைசென்ஸ், பிறகு காத்திருப்பு, 20-இல் மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி 30 நாள். கல்லூரி முடித்த பிறகு 22 வயதில்தான் கார் லைசென்ஸே எடுக்கிறீர்கள் என்றால் ஹெவி கைக்கு வர 23 தாண்டிவிடும். 18 ஆனதுமே கார் லைசென்ஸ் எடுத்து வைத்துவிட்டால், 20 முடிந்து சில மாதங்களில் ஹெவியும் வந்துவிடும்.

ஹெவிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் மருத்துவர் சான்றும் கேட்பார்கள். நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 12,000 கொடுத்தேன். அரசுக் கட்டணம் தனி, அது பெரிய தொகை இல்லை.

டிராக்டர் ஓட்டும் தம்பிகள் கவனியுங்கள். லைசென்ஸில் டிராக்டர் என்று பதிந்திருப்பது ஹெவி ஆகாது. "வயல்ல பத்து வருஷமா ஓட்டறேன்" என்று வந்த ஒருவரை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கைப்பழக்கம் வீண் போகாது. ராம்ப் வேலைக்கு நடக்கும் ஓட்டுச் சோதனையில் மிகக் கடினமானது, பின்னால் பெட்டி வண்டிகளைக் கோத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டி வலப்பக்கம் போகும். நெல் டிரெய்லரைக் களத்துக்குள் பின்னால் தள்ளிப் பழகியவர்கள் அதை ஒரே தடவையில் செய்துவிடுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

தீயணைப்புக்கு விதி வேறு. அங்கே ஹெவி இல்லாவிட்டாலும் கார் லைசென்ஸ் வாங்கிக் குறைந்தது இரண்டு வருடம் ஆகியிருந்தால் ஏற்கிறார்கள். அதனால்தான் 18-இலேயே எடுங்கள் என்கிறேன்.

4. சாதிச் சான்றிதழில் ஏமாந்துவிடாதீர்கள்

நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு. மத்திய நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ், மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு தனியாக வேண்டும். நம் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். இதில் பெற்றோரின் விவசாய வருமானத்தைச் சேர்க்க மாட்டார்கள். நிலம் இருக்கிறதே என்று பயந்து பொதுப் பிரிவில் போட்டு மூன்று வருட வயதுத் தளர்வை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதும் முக்கியம். ஐப்பசி தொடங்கித் தை முடிய வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது கஷ்டம். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், மழைச் சேதக் கணக்கெடுப்பு, கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா என்று ஊரே அவர் வாசலில் நிற்கும். மேட்டூர் திறப்பதற்கு முன்னால், ஏப்ரல், மே மாதங்களில் போட்டுவிட்டால் அந்த நிதியாண்டு முழுவதும் செல்லுபடியாகும், கூட்டமும் இருக்காது.

5. கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால் தீயணைப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரம் இரண்டும் நடக்காது. பலருக்கு இருபது வயது வரை அது தெரிவதே இல்லை. அரசு மருத்துவமனையில் பத்து நிமிடச் சோதனை. படிக்க ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். தீயணைப்புக்கு ஆண்களுக்கு 167 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள், அதையும் அளந்துகொள்ளுங்கள்.

6. அறிவிப்பைப் பிடிப்பதும் நேர்காணலுக்குப் போவதும்

விமான நிலைய ஆணையத்தின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். கட்டுப்பாட்டாளர் தேர்வுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களை ஒரு வருட அப்ரண்டிஸாகவும் ஆணையம் எடுக்கிறது. நான் பார்த்த அறிவிப்பில் முறையே 15,000, 12,000, 9,000 என்று உதவித்தொகை போட்டிருந்தார்கள். நிரந்தரம் கிடையாது. ஆனால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஹேண்டிமேன், ராம்ப் போன்ற தரைக் கையாளுகை வேலைகளுக்கு ஏ.ஐ. ஏர்போர்ட் சர்வீசஸ் என்ற நிறுவனம் ஊர் வாரியாக வாக்-இன், அதாவது நேரடி நேர்காணல், நடத்துகிறது. மூன்று வருட ஒப்பந்தம். பொதுப் பிரிவுக்கு 28, ஓ.பி.சி.க்கு 31, எஸ்.சி., எஸ்.டி.க்கு 33 என்று வயது வரம்பு. சம்பளம் ஹேண்டிமேனுக்கு 18 ஆயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்து, ராம்ப் எக்ஸிகியூட்டிவுக்கு 25 ஆயிரத்தை ஒட்டி வரும். 500 ரூபாய்க்கு மும்பையில் மாற்றத்தக்க டி.டி. கேட்பார்கள். எஸ்.சி., எஸ்.டி., முன்னாள் படைவீரர்களுக்கு அது வேண்டாம். டி.டி.யை முதல் நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், வங்கி விடுமுறை குறுக்கே வரும். பின்புறத்தில் உங்கள் பெயரையும் அலைபேசி எண்ணையும் எழுதுங்கள்.

அசல் எல்லாம், இரண்டு செட் ஜெராக்ஸ், ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து, பத்து போட்டோ. லைசென்ஸ் அசல் கட்டாயம். காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தால் ஆறரைக்கே வரிசை நிற்கும். தஞ்சாவூரிலிருந்து வருபவர்கள் டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்கினால் அங்கிருந்து புதுக்கோட்டை சாலையில் டவுன் பஸ் கிடைக்கும். கும்பகோணத்துக்குக் கிழக்கே இருப்பவர்கள் முதல் நாள் இரவே திருச்சி வந்துவிடுவது நல்லது.

7. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

வேலை கொடுப்பவர் உங்களிடம் டெபாசிட்டோ சீருடைக் கட்டணமோ கேட்க மாட்டார். விண்ணப்பக் கட்டணம் அறிவிப்பில் அச்சாகியிருக்கும், அது மட்டும்தான். இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் பணி நியமன ஆணை, வாட்ஸ்அப்பில் வரும் நேர்காணல், "இன்னைக்கே கட்டினாத்தான் சீட்" என்ற பேச்சு, எதையும் நம்ப வேண்டாம். நீடாமங்கலம் பக்கத்தில் என் சித்தி மகள் தோட்டை அடகு வைத்து 40,000 அனுப்பினாள். ஆணையில் விமான நிறுவனத்தின் முத்திரை அச்சு அசலாக இருந்தது. சேர வேண்டிய நாளில் முனையத்தின் வாசலில் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நான்தான் போய்க் கூட்டி வந்தேன். பணம் போய்விட்டால் அந்த மணி நேரமே 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதமாக ஆக மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வளைகுடா விமான நிலையங்களில் லோடர் வேலை என்று சொல்லும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான்.

8. வேலை கிடைத்த பிறகும் ஒரு வாசல் இருக்கிறது

நியமன ஆணை வந்ததும் உள்ளே போய்விட முடியாது. சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவான பி.சி.ஏ.எஸ். கொடுக்கும் நுழைவு அட்டை வேண்டும். அதற்குப் போலீஸ் நடத்தை விசாரணையும் பாதுகாப்புப் பயிற்சியும் முடிய வேண்டும். எனக்கு ஆறு வாரம் ஆனது. இந்த இடைவெளியில் சம்பளம் வருமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். எனக்கு வரவில்லை, கடன் வாங்கித்தான் ஓட்டினேன்.

நம் பக்கத்தில் ஒரு தனிக் கவலை உண்டு. தண்ணீருக்காகவோ நிலத்துக்காகவோ சாலை மறியலில் உட்கார்ந்து எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படிவத்தில் 'வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மறைத்தது தெரிந்தால் அதற்காகவே நிராகரிப்பார்கள். வழக்கு முடிந்திருந்தால் நீதிமன்றத்தில் தீர்ப்பு நகலோ, வழக்கைக் கைவிட்ட உத்தரவின் நகலோ வாங்கி இணைத்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வையுங்கள். நகல் கிடைக்கவே மாதம் ஆகும்.

ஓட்டுநர் என்றால் உள்தளத்தில் ஓட்ட இன்னொரு அனுமதி உண்டு. அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. முதல் பாடமே விமானத்தை நெருங்குவது எப்படி என்பதுதான். வயிற்றுப் பகுதியில் மினுக்கும் சிவப்பு விளக்கு அணைந்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே நகர வேண்டும். விமானத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு முறை முழுதாக நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடைவேகத்தில் போக வேண்டும். வண்டியின் ரப்பர் முனை விமானத்தின் உடம்பில் அழுந்தக் கூடாது. சின்னக் கீறல் என்றாலும் உடனே சொல்லிவிட வேண்டும். தரையில் ஒரு திருகாணி கிடந்தாலும் குனிந்து எடுத்துப் பையில் போட வேண்டும். இன்ஜின் அதை உறிஞ்சினால் விமானமே நின்றுவிடும்.

9. முதல் மூன்று மாதம்

திருச்சியில் வெளிநாட்டு விமானங்கள் பல இரவில்தான் வருகின்றன, போகின்றன. ஊரிலிருந்து தினமும் போய் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான் ஒரு மாதம் முயன்று பார்த்தேன், தூக்கமே இல்லை. கே.கே. நகர், சுப்பிரமணியபுரம், பொன்மலைப் பக்கம் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் தாங்கும். முன்பணம், பாத்திரம், மெத்தை என்று கையில் 15,000 ரூபாயாவது இல்லாமல் வராதீர்கள்.

பெட்டி தூக்குவதில் இடுப்பு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். முழங்காலை மடக்கித் தூக்கக் கற்றுக்கொண்டால் போகாது. காது அடைப்பானை மட்டும் ஒரு நாளும் கழற்றாதீர்கள்.

10. அங்கிருந்து மேலே

ஒரு வருடம் ஆனதும் நிறுவனத்தில் கேட்க வேண்டிய பயிற்சிகள் இரண்டு. ஒன்று, ஆபத்தான சரக்குகளைக் கையாளும் டி.ஜி.ஆர். சரக்குகளை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி முதல் பெயின்ட் வரை அதில் வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதை வெளியில் சொந்தக் காசில் படிக்காதீர்கள். உள்ளே வந்தவர்களுக்கு நிறுவனமே அனுப்பிவைக்கும்.

இன்னொன்று லோடு கன்ட்ரோல். எனக்கு மிகவும் பிடித்த வேலை, இப்போது நான் படித்துக்கொண்டிருப்பதும் அதுதான். எத்தனை பயணிகள், எந்த வரிசையில், எந்தச் சரக்கறையில் எத்தனை கிலோ, எரிபொருள் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, விமானத்தின் எடை நடுவில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துத் தாள் தயாரிப்பவர் லோடு கன்ட்ரோலர். மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்ப்போமே, அதே கணக்கு. முன்பாரம் ஏறினால் மாட்டுக் கழுத்து நோகும், பின்பாரம் ஏறினால் நுகம் தூக்கும். போன மாதம் ஓர் இரவு, கடைசி நேரத்தில் 300 கிலோ காய்கறிக் கூடைகளைப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றச் சொல்லி மேலிருந்து செய்தி வந்தது. வியர்வை வழிய மாற்றினோம். தாளைக் கொண்டுபோன அண்ணன் வந்து எனக்கு அதிலிருந்த எல்லைக் கோட்டைக் காட்டினார். வரைபடத்தில் எல்லைக்கு வெளியே நின்ற புள்ளி உள்ளே வந்திருந்தது.

இதற்குத் தனிப் பட்டம் எதுவும் கேட்பதில்லை. கூட்டல் கழித்தலில் பிழை வராத கை, ஆங்கிலத்தில் அலைவரிசையில் சொல்வதைப் புரிந்துகொள்ளும் காது, அப்புறம் நிறுவனத்தின் பயிற்சியும் தேர்வும். ராம்பில் இரண்டு, மூன்று வருடம் இருந்தவர்களை விரும்பி எடுக்கிறார்கள், சரக்கறையின் உள்ளளவு அவர்களுக்குக் கையிலேயே தெரியும்.

கடைசியாக, நுழைவு அட்டையைப் பற்றி. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். தொலைத்துவிட்டால் அன்றே போலீஸில் புகார் கொடுத்து, நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். புதிய அட்டை வரும் வரை வேலைக்குப் போக முடியாது. குளிக்கப் போகும்போது எங்கே கழற்றி வைக்கிறீர்கள் என்பதை இப்போதே ஓர் இடமாக முடிவு செய்துகொள்ளுங்கள். என் அறையில் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அதில் வேறு எதையும் மாட்டுவதில்லை.